மதியச் சோறு

“மத்தியானம் ஆறிப்போன சோத்தை நான் தொட மாட்டேன். மில் வேலையை நாளைக்கே விட்டுடு” என்று மருமகளிடம் போனில் கறாராகச் சொன்ன மாமியார், மறுநாள் ஒரு மணிக்கு மகள் வீட்டிலிருந்து திரும்பினாள். மேசையில் தட்டு தயாராக இருந்தது.

ஒரு கவளம் வாயில் போட்டதும் முகம் மலர்ந்தது. “பூ மாதிரி இருக்கே! இப்பத்தானே வடிச்சே? என் பேச்சுன்னா பேச்சுதான். இன்னொரு கரண்டி கொண்டாம்மா!” என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

ஹாட்பாக்ஸோடு மாமனார்தான் வந்தார்.

“அவ ஆறு மணிக்கே மில்லுக்குப் போயிட்டா. விடியக்காலைல வடிச்சது. சூட்டோட இந்த டப்பாவுல போட்டு, ஈரத்துணி போத்தி மூடி வச்சா.”

மாமியார் வாயிலிருந்ததை விழுங்கினாள். பிறகு தட்டை நீட்டினாள்.

“என் மருமகளா கொக்கா! இவளை இன்னும் சூப்பர்வைசர் ஆக்காம அந்த மில்லுல என்ன பண்றாங்க?”