நெட்டு கட்டிய சுவர்

வாலிபால் ஆடித் தோள்பட்டைத் தசை கிழிந்த ஜெசிந்தாவின் விரல்கள் எறும்புபோலச் சுவரில் ஊர்ந்து ஏறின. அவை நின்ற இடத்தில் பிசியோதெரபிஸ்ட் பென்சிலால் கோடு போட்டார்.

"தலை பின்னிக்கலாம், அடுக்களை மேல்தட்டுல டப்பா எடுக்கலாம். உங்களுக்கு இது போதும் மேடம்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பென்சிலைப் பிடுங்கி, முக்காலியில் ஏறி, நல்ல கையால் உயரே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.

"அது என்னது?"

"இந்த உயரத்துலதான் நெட்டு கட்டுவாங்க."

இறங்கி, அடிபட்ட கையை மறுபடி சுவரில் வைத்தாள். விரல்கள் அவருடைய கோட்டைத் தொட்டன, தாண்டின.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள், மேலே பார்த்தபடியே. "நீங்க போட்ட கோட்ட அழிச்சிருங்க சார்."