டெனிஸ் புதைத்த பெட்டி

"பெட்டி ரொம்பச் சின்னதுப்பா. செருப்பு டப்பா அளவுதான் இருக்கும்" என்றாள் ஹனோரா.

டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஃபெர்கஸுக்குக் காது விடைத்தது. டப்ளினிலிருந்து இந்தக் கெர்ரி கடற்கரைக்குப் பிழைக்க வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பழங்காலத் துறவிகளின் இடிந்த கோயில்களைப் படம் பிடிக்க வருகிறவர்களைத்தான் இதுவரை ஏற்றியிருக்கிறான். புருஷன் புதைத்த பெட்டியைத் தேடி எண்பது வயதில் வந்தவள் இவள்தான்.

"எங்கன்னு அவரு சொல்லலியாம்மா?"

"அறுபது வருஷமா வாயே திறக்கலியே! போன மாசம் சாகக் கிடக்கறப்பதான் சொன்னாரு டெனிஸ். சாமியாருங்க இருந்த பழைய இடம், கடல் சத்தம் கேக்கும், மேல ஒரு வெள்ளைக் கல்லு வெச்சேன்னு. எந்த இடம்னு நான் கேக்கறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு."

முதல் இடத்தில் வெள்ளைக் கல்லே இல்லை. இரண்டாவது இடத்தில், தேன்கூடு மாதிரி கல்லடுக்கிக் கட்டிய குடில்களுக்குள் குனிந்து குனிந்து தேடியதில் ஃபெர்கஸின் முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். ஹனோரா உள்ளேயே வரவில்லை. மதிலுக்கு வெளியே புல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"அங்க என்னம்மா இருக்கு?"

"உள்ள வெச்சிருக்க மாட்டாருப்பா. எங்க ஊருக் கோயில் தோட்டத்துலயே பாதிரியார் விடல. அதனாலதானே இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாரு."

திருட்டு நகைதான் என்று ஃபெர்கஸ் முடிவு கட்டிவிட்டான். மூன்றாவது இடத்துக்கு வண்டி பறந்தது.

அது பாறை முனை. காற்று ஆளைத் தள்ளியது. கூரையில்லாத கோயில் சுவருக்குப் பின்னால் ஹனோரா அப்படியே நின்றுவிட்டாள். சரிவு முழுக்க வெள்ளைக் கற்கள். ஐம்பது அறுபது இருக்கும். கடைசி வரிசையில் பாதியை மண்ணோடு சேர்த்துக் கடல் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ஃபெர்கஸ் டிக்கியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "எதுலேருந்து ஆரம்பிக்கலாம்மா? கிடைச்சா என்னையும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

அவள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தொட்டாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. விளிம்புவரை போய்விட்டவளை அவன் எட்டிப் பிடித்து இழுத்தான்.

"ஊரே சேர்ந்தா புதையல் வெச்சிருக்கு? அப்படி என்னதாம்மா புதைச்சாங்க இங்க?"

ஹனோரா புல்லில் உட்கார்ந்தாள். அவன் கையை விடவில்லை.

"ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போயிட்டா. அப்படிப் போன குழந்தைங்களைக் கோயில் மண்ணுல புதைக்க விடமாட்டாங்கப்பா. முகத்தைக்கூட எனக்குக் காட்டல. இதுல எதுப்பா என் பொண்ணு?"