கழுதைக்குட்டியின் சமத்து

எந்த ஊர், எந்தக் காலம் என்றெல்லாம் கேட்காதீர்கள். ஒரு காக்கைக்கு ஆராய்ச்சிக் கிறுக்கு. தாய் விட்டுப் போனால் குட்டி என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அதற்கு வேலை.

செங்கல் சூளைப் பக்கம் ஓர் ஆடும் ஒரு கழுதையும் குட்டிகளோடு இருந்தன. காக்கை சொன்னபடி இரண்டு தாய்களும் சுவருக்குப் பின்னால் போய் நின்றன. ஆட்டுக்குட்டி ஊரே கேட்கக் கத்தியது. கழுதைக்குட்டி சத்தமே போடாமல் ஒரு காகிதத்தை மென்றுகொண்டிருந்தது.

தாய்கள் திரும்பி வந்தன. ஆட்டுக்குட்டி ஓடிப்போய் மடியை முட்டியது, குடித்தது, குதிக்கப் போய்விட்டது. கழுதைக்குட்டி தலையைத் தூக்கவே இல்லை.

"கழுதையக்கா, உன் பிள்ளைதான் சமத்து!" என்றது காக்கை. "ஆட்டக்கா, நீ செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே."

"போய்யா, உனக்குக் குட்டியா குடும்பமா?" என்றது ஆடு.

கழுதைக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் மண் சுமக்கப் போகணும். முதல்ல கத்துவான். நான் திரும்பியே பார்க்க மாட்டேன். இப்போ பழகிட்டான்."

பாராட்டலாம் என்று காக்கை குட்டியின் முதுகில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் திடுக்கிட்டது.

"அக்கா, இவன் நெஞ்சு இந்த அடி அடிக்குதே!"

கழுதை குட்டியின் விலாவில் காதை வைத்துக் கேட்டது. "ஏன்டா அழலை?"

"அழுதா வருவியா?" என்றது குட்டி.

சூளையிலிருந்து கூப்பிட்டார்கள். கழுதை போகவில்லை. குட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்போதும் எழவில்லை.

நெடுநேரம் கழித்துக் குட்டி அதன் கழுத்தில் முகத்தை வைத்து மெல்ல விசும்பியது.

"இன்னும் சத்தமா அழு," என்றது கழுதை.