மூன்று நிமிட மணி

“உள்ளே யார் யார் இருக்காங்க? எண்ணிச் சொல்லுங்க” என்றாள் மனைவி போனில்.

நாடாளுமன்ற அவையின் வாசலில் நின்ற காவலர் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். “ஆளுங்கட்சி வரிசையில நூத்தி நாலு. எதிர்வரிசையில நூத்தி நாலு. நடுவுல சபாநாயகர். தலை நிமிராம எழுதறவங்க ரெண்டு பேரு. மேல மாடத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க, பாதித் தூக்கத்துல.”

“நம்ம எம்.பி.?”

“அவரைத்தான் காணோம்.”

“சமமா நின்னா என்ன ஆகும்?”

“இந்த அவையில சபாநாயகருக்கு ஓட்டு இல்ல, மசோதா விழுந்துரும். வீடு தப்பிக்கும். ஆனா அவங்க ஆள் ஒருத்தன் கடைசியில ஓடி வந்தாலும் போச்சு. நம்ம ஐயா உள்ளே இருந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்.”

“அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்கிட்ட கதை பேசிக்கிட்டு நிக்கிறீங்களா? போய்த் தேடுங்க!”

விலைவாசி, வேலையின்மை என்று நாட்டின் சகல வியாதிகளையும் பேசிச் சலித்த பிறகுதான் அவை காலையில் இந்த மசோதாவுக்கு வந்திருந்தது. கால்வாய்க் கரை வீடுகளை முன்னறிவிப்பு இல்லாமல் இடிக்கலாம் என்ற மசோதா. காவலரின் வீடு அப்படியொரு கரையில்தான் இருந்தது. அந்தத் தொகுதி எம்.பி. எழுந்து, “என் மக்கள் வீட்டுச் சுவரில் ஒருவரும் கை வைக்க முடியாது!” என்று மேசையைக் குத்தினார். எதிர்க்கட்சி கைதட்டியது. அவருடைய சொந்த ஆளுங்கட்சிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

காவலர் போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டார். பக்கத்துக் கதவுக்காரரிடம் கண்ணைக் காட்டிவிட்டு ஓடினார். நூலகத்தில் இல்லை. கேன்டீனில் இல்லை. கழிவறையில் கடைசிக் கதவுக்குக் கீழே ஒரு பழுப்பு ஷூ தெரிந்தது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எம்.பி.யின் அதே ஷூ தேர்தல் நேரத்தில் காவலர் வீட்டு வாசல் சேற்றில் நின்றது.

“ஐயா, வெளியே வாங்க.”

காவலர் கதவைத் தட்டினார்.

“உங்க ஷூ தெரியுது ஐயா.”

ஷூ உள்ளே இழுத்துக்கொண்டது.

“வயிறு சரியில்லண்ணே. போங்க. நீங்க என்னைப் பார்க்கல.”

அப்போது மணி அடிக்கத் தொடங்கியது. வாக்கெடுப்பு மணி. மூன்று நிமிடம் அடிக்கும். நின்றதும் கதவைப் பூட்டிவிட வேண்டும். பிறகு பிரதமரே வந்தாலும் வெளியேதான்.

“வயித்தை மூணு நிமிஷம் பிடிச்சுக்குங்க. வந்து ஓட்டைப் போடுங்க.”

“என்னால முடியாதுண்ணே.”

“காலையில அவ்வளவு பேசினீங்களே, அது யார் வாயி? உங்க கட்சிக்காரன் முறைச்சதும் கக்கூஸ்ல வந்து ஒளிஞ்சுக்கிட்டீங்க. வெட்கமா இல்ல?”

“இருக்கு” என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

“என் பொண்டாட்டி கையால தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. இந்தச் சுவரு என் பொறுப்புன்னீங்க. அந்தத் தண்ணிக்காவது வெளியே வாங்க!”

தாழ்ப்பாள் விலகியது. கண் சிவந்து, முகத்தில் தண்ணீர் வழிய நின்றார் எம்.பி. “அண்ணே, என்னை இங்கேயே விட்டுடுங்க. நான் இவ்வளவுதான்” என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காவலர் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

தாழ்வாரத்தின் கோடியில், அவை வாசலில், தன் கட்சி உறுப்பினர்களை மேய்த்து உள்ளே அனுப்பும் ஆளுங்கட்சிக் கொறடா தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, வியர்த்துப்போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘வேர்க்கட்டும், நல்லா வேர்க்கட்டும்’ என்று நினைத்துக்கொண்டார் காவலர். கதவை நோக்கி, “ஐயா வர்றாரு! பூட்டிடாதே!” என்று கத்தினார்.

கொறடா திரும்பிப் பார்த்தார். காவலரின் பிடியில் இருந்த கை சட்டென்று தொய்ந்தது.

கொறடா மறித்துவிடுவார் என்று பயந்து, காவலர் எம்.பி.யின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். “போங்க ஐயா, யாருக்கும் பயப்படாதீங்க!”

கொறடா மறிக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார். எம்.பி. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

“ஏங்க! நம்ம ஐயா உட்கார்ந்துட்டாரு, டிவியில காட்டறான்!” என்று சட்டைப் பைக்குள்ளிருந்து மனைவி கத்தினாள்.

கொறடா காவலரின் தோளில் தட்டினார். “பெரிய உபகாரம் பண்ணினேப்பா. மசோதாவுக்கு ஆதரவா ஓட்டுப் போடறேன்னு மத்தியானம் தலைவர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டு மனுஷன் மாயமாயிட்டாரு. இவர் ஒருத்தர் வராம இருந்திருந்தா, சமமா நின்னு எல்லாம் கவுந்திருக்கும்.”

அவரும் உள்ளே போனார். மணி நின்றது. இருபத்திரண்டு வருடமாகச் செய்வதைப் போலவே காவலர் கதவைச் சாத்தி, இரண்டு சுற்று பூட்டினார்.