கெட்ட செய்தி சொல்லும் பாடம்

“ஐயா, நீங்க நடிக்கவே வேணாம். டீச்சரோட வீட்டுக்காரரா பக்கத்துல உக்காந்தா போதும்” என்றாள் டொக்டர் பூரணி.

லோரன்ஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “அதத்தானே மிஸ், கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து செய்றேன்.”

ஹட்டன் சேர்ச் மண்டபத்தில் மூன்று நாற்காலிகள். எதிரே கமெராவுடன் மிலான். மருத்துவ மாணவர்களுக்காகப் பூரணி தமிழில் இணையப் பாடங்கள் தயாரித்து வந்தாள். நெஞ்சுச் சத்தம் கேட்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் முடிந்துவிட்டன. இன்றைய பாடம், நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பது.

நோயாளியாக நடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, லிந்துலையிலிருந்து தானாகவே போன் செய்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை சுகிர்தம். கணவரையும் கூட்டி வருவேன் என்றார். எந்த நோய் வந்ததாக நடிப்பது என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

மிலான் கையை உயர்த்தினான்.

பூரணி நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டாள். “டீச்சர், ஸ்கேன் முடிவு வந்திருக்கு. ஐயா இருக்கும்போதே பேசலாமா?”

“அவர் இருக்கணும்.”

“நாம நெனச்சத விட மோசமாத்தான் இருக்கு.” பூரணி சற்று நிறுத்தினாள். “கணையத்துல புற்றுநோய். ஈரலுக்கும் பரவியிருக்கு. சுகமாக்க முடியாது டீச்சர். ஆனா வலி இல்லாம பாத்துக்கலாம். நான் கூடவே இருப்பேன்.”

பிறகு பேசாமல் காத்திருந்தாள். அதுவும் பாடத்தில் ஒரு பகுதிதான். கடைசியில் லோரன்ஸ் பக்கம் திரும்பி, “ஐயா, உங்க மனசுல என்ன ஓடுது?” என்றாள்.

அவருக்கு வசனம் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

“வட்டகொடை ஸ்டேஷன்லதான் இவள மொதமொதப் பாத்தேன். சரியான மழை. குடைய எங்கையில குடுத்து புடிக்கச் சொல்லிட்டு, பெஞ்சுல உக்காந்து புள்ளைகளோட கொப்பி திருத்திக்கிட்டு இருந்தா. கோச்சி வந்து நின்னுச்சு, போயிருச்சு. ரெண்டு பேருமே ஏறல.”

“ஏன் ஏறல?”

“குடைய யாரு மொதல்ல மடக்குறதுன்னு தெரியல.”

சுகிர்தம் சிரித்துவிட்டார். “தலவாக்கலை வரைக்கும் நடந்தே வந்தோம். குடை பூரா எம்பக்கம்தான். இவரு தொப்பலா நனைஞ்சிட்டாரு.”

“இனி இவ இல்லாம…” லோரன்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்துகொண்டார்.

“போதும், கட்” என்றான் மிலான் தாழ்ந்த குரலில்.

பூரணி எழுந்து வந்தாள். “ஐயா, இத பாக்குற பிள்ளைங்க மறக்க மாட்டாங்க.”

லோரன்ஸ் கூச்சத்துடன் கண்களைத் துடைத்தார். “நடிப்புன்னு தெரிஞ்சும் நெஞ்ச அடச்சிருச்சு மிஸ். வா சுகிர்தம், டவுன்ல ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு பஸ் ஏறுவோம்.”

சுகிர்தம் எழவில்லை. கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் உக்காருங்க. போன மாசம் கண்டி ஆஸ்பத்திரியில எனக்கு இதையேதான் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல, அதான் டொக்டரச் சொல்ல வச்சேன்.”