நன்றி கெட்டவர்

“ஆபரேஷன் முடிஞ்சு நாய் வீட்டுக்கு வந்த அன்னைக்கே உன் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிட்டாராமே?”

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“மெதுவா பேசுக்கா. இப்பதான் தூங்கறான்,” என்றாள் தங்கை.

கூடத்து மூலையில் ஒரு சின்னக் கம்பித் தடுப்பு. அதற்குள் குட்டையன். நீள உடம்பு, குட்டைக் கால். முதுகில் ரோமம் மழித்த இடத்தில் தையல்.

சோபாவிலிருந்து குதித்ததில் முதுகெலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திவிட்டது. பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கிப்போயின. எலும்பைத் திறந்து ஜவ்வை எடுத்தாயிற்று. இனி நடப்பானா, மாட்டானா என்பது சில வாரம் துள்ளாமல் கிடப்பதில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டரம்மா.

“எங்கே போயிருக்கார் மகாராஜா?”

“சிநேகிதர் ரூமுக்கு.”

“சரிதான். பீ மூத்திரம் அள்ள நீ, காத்து வாங்க அவரா? அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே இவன் வீட்டையே ரெண்டாக்குவானே! நாய்க்கு இருக்கிற நன்றி மனுஷனுக்கு இல்லையே.”

“அப்படி இல்லக்கா...”

“பின்னே எப்படி?”

“சொன்னா சிரிப்பே.”

“சிரிக்கிற மாதிரியா இருக்கு உன் பிழைப்பு?”

அக்கா தங்கிவிட்டாள். வாய் அவரைத் திட்டியது. கை குட்டையனைப் பார்த்துக்கொண்டது. அடிவயிற்றை இதமாக அமுக்கிச் சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொண்டாள். பின்னங்கால்களை சைக்கிள் மிதிப்பதுபோல மடக்கி நீட்டினாள். மணியடித்தால் மிரளுவானே என்று அழைப்புமணி ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். கூரியர்காரரிடம் சைகையிலேயே சண்டை போட்டாள்.

ஒருநாள் அலமாரியைத் திறந்தால் அவருடைய சட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் பையில் வாய் இறுகக் கட்டி மாடியறையில் கிடந்தன.

“துணியைக்கூட வீட்டுல வச்சுக்கப் பிடிக்கலையா? அவ்வளவு முத்திப்போச்சா?”

தங்கை அலமாரியைச் சாத்திவிட்டு நகர்ந்தாள். போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“என்னவாம்?”

“வாலை ஆட்டினானான்னு கேட்டார்.”

“கேட்க வாய் இருக்கு, வந்து பார்க்கத்தான் கால் வரலையாக்கும்? குட்டையனுக்குப் பண்ணின ஆபரேஷனை அவருக்குப் பண்ணியிருக்கணும்.”

மறுபரிசோதனைக்கு அக்காவும் கூடப் போனாள்.

டாக்டரம்மா குட்டையனைத் தரையில் விட்டார்.

முன்னங்கால் நகர்ந்தது. பின்னங்கால் நடுங்கியது. ஊன்றியது. ஓர் அடி. தள்ளாட்டம். மறுபடி ஓர் அடி. மேஜைக் கால் வரை போனான், நிதானமாக முகர்ந்தான், நின்றபடியே சிறுநீர் கழித்தான்.

“தானாவே போறான்டீ!” அக்கா ஏதோ பரிசு விழுந்தது போலக் கத்தினாள்.

தங்கை டாக்டரம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “உயிர் இருக்கிறவரைக்கும் இந்தக் கையை மறக்கமாட்டேன் மேடம்.”

“நான் பார்த்தது ஒரு பொழுது வேலைம்மா. ஆபரேஷனுக்கு அப்புறம், பிடிச்சவங்க முகமோ வாசனையோ பட்ட சந்தோஷத்துல ஒரே ஒரு குதி குதிச்சுட்டு, பழையபடி என்கிட்டயே வந்த நாய்ங்க எத்தனையோ. உங்க நன்றியை அங்கே சொல்லுங்க.”

ஜன்னல் திரையை விலக்கினார்.

வெளியே, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார் தங்கையின் கணவர். முகத்தில் பல வாரத் தாடி. அழுகைச் சத்தம் உள்ளே கேட்டுவிடாதபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தலை குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா போய்க் கதவைத் திறந்தார்.

“போதும் சார், உள்ளே வாங்க. இனிமே உங்களைப் பார்த்து அவன் கொஞ்சம் துள்ளலாம்.”