பலகையில் யார் பெயர் முதலில்?

வோலோஸ் துறைமுகத்தில் கூட்டாக மீன் உணவகம் நடத்தும் எவாந்தியாவும் பொலிக்சேனியும் ஆளுக்கொரு வக்கீலோடு சமரச மேசைக்கு வந்திருந்தார்கள்.

"கடைப் பலகையில என் பேருதான் முதல்ல வரணும்," என்றாள் எவாந்தியா.

"அடுப்புல வேகுறது நானு, என் பேருதான் முதல்ல. இல்லன்னா கடையைப் பிரிச்சிருங்க," என்றாள் பொலிக்சேனி.

எவாந்தியாவின் வக்கீல் வாசிலாகிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் சொற்பொழிவு நிச்சயம். "அம்மா, இருபது வருஷக் கூட்டு. கேவலம், ஒரு பேருக்காகவா உடைக்கிறது?"

"நியாயமான பேச்சு," என்றார் எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்டாமூலிஸ், கூரையைப் பார்த்து. "ஒருத்தர் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடும்?"

"அப்புறம் ஒண்ணா ஆபீஸ் நடத்தின நீங்க ரெண்டு பேரும் ஏன் வாசல் பித்தளைப் பலகையில யார் பேரு முதல்லன்னு சண்டை போட்டு, ஆபீஸுக்கு நடுவுல சுவர் எழுப்பினீங்க?" என்றாள் எவாந்தியா.

பொலிக்சேனி மேசைமேல் சாய்ந்து இரண்டு வக்கீல்களையும் பார்த்தாள்.

"எங்க பலகையில பேரே கிடையாது, வக்கீலய்யா. வெறும் ஆக்டோபஸ் படம். வெள்ளிக்கிழமையானா அதுக்குக் கீழதானே ஒண்ணா உட்கார்ந்து குடிப்பீங்க? அந்த மேசை காலியாக் கிடக்கிறதைப் பார்க்கப் பொறுக்கல. அதான் இந்த வழக்கு."

வாசிலாகிஸ் கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றார் ஸ்டாமூலிஸ், இன்னமும் கூரையிடம். பிறகு பொலிக்சேனி பக்கம் திரும்பினார். "ஆக்டோபஸை நல்லா வேக வைம்மா. இவனுக்குப் பல்லு சரியில்ல."